திமிர் என்று நான் சொன்னது

இந்த ஊர் நூலகத்தில் வாய்விட்டுச் சிரித்தாலும் யாரும் அதட்டுவதில்லை. அட்லாண்டாவுக்கு வந்து ஆறு வருடமாகியும் எனக்கு அது பழகவில்லை. சனிக்கிழமை காலைகளில் அங்கே கறுப்பினப் பெண்கள் எழுதிய நாவல்களைப் படித்துப் பேசுகிறோம். எட்டுப் பேரில் நான் ஒருத்திதான் வெளியூர்க்காரி. கூட்டத்தை நடத்துபவர் லொரைன், ஓய்வுபெற்ற ஆசிரியை. அன்றைய நாவலில் ஒரு பாடகி, ஒழுங்கான அறை தராத அரங்கில் பாடமாட்டேன் என்று கிளம்பிவிடுகிறாள். எல்லோரும் அவளை டீவா, அதாவது யாருக்கும் வளைந்து கொடுக்காத பெரிய பாடகி, என்றார்கள். லொரைன் என்னிடம், "உங்கள் வீட்டில் டீவா யார்?" என்று கேட்டார். என் காதில் தீபா என்று விழுந்தது. "அந்தப் பெயரில் யாருமில்லை" என்றேன். சிரிப்பு அடங்கியதும் அவர் சொன்னார்: "அவள் கேட்பது மரியாதை. கறுப்புப் பெண் கேட்டால் அதற்குத் திமிர் என்று பெயர் வைப்பார்கள். அதனால்தான் எங்கள் எழுத்தாளர்கள் அவளைத் திரும்பத் திரும்ப எழுதுகிறார்கள்."

எனக்கு மாலா அக்கா நினைவுக்கு வந்தாள். ஊரில், பிள்ளையார்பாளையத்தில் இருக்கும் பெரியப்பா மகள். பகலெல்லாம் தறி, திருவிழா வந்தால் இன்னிசைக் குழுவில் பாட்டு. ஓர் ஆடித் திருவிழாவில் ஆண் பாடகர்களுக்கு மட்டும் மேடையில் நாற்காலி போட்டிருந்தார்கள்.

"எனக்கும் ஒரு சேர் போடுங்க. எவ்ளோ நேரம் நின்னுக்கினு இருக்கறது?" என்றாள் அக்கா.

"பாடத்தானே வந்துக்கிற? பாடிட்டுப் போம்மா" என்றார் குழு நடத்தியவர்.

அவள் மைக்கைக் கீழே வைத்துவிட்டு இறங்கினாள். கூட்டம் கேலியாக விசிலடித்தது. தெருவில் தலை நிமிர்ந்தே நடந்தவளிடம், கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த நான்தான் சொன்னேன்: "ஏன்க்கா உனக்கு இவ்ளோ திமிரு? அசிங்கமா இருக்குது." அதற்குப் பிறகு எந்தக் குழுவும் அவளைக் கூப்பிடவில்லை.

நூலகத்திலிருந்து வெளியே வந்து, காரில் உட்கார்ந்தபடியே அவளுக்குப் போன் செய்தேன். அவள் குரல் கரகரத்தது. சளி என்று நினைத்தேன்.

"அன்னிக்கு நான் பேசினது தப்புக்கா."

"ஊரு பேசினது எனக்கு உறைக்கலமா. நீ சொன்னதுதான்."

"இப்ப பாடுறியாக்கா?"

"எங்கமா? தைராய்டு ஆபரேஷன் பண்ணாங்களே, அதோட குரல் போச்சு. உனக்கு யாரும் சொல்லலியா?"

சொல்லவில்லை. நானும் கேட்டதில்லை.

அடுத்த சனிக்கிழமை அவள் கதையைக் கூட்டத்தில் சொன்னேன். ஏழு பேரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். அவர்கள் அவள் பாடிக் கேட்டதே இல்லை. கேட்ட ஊர் விசிலடித்து அனுப்பியது. இரண்டுக்கும் நடுவில், கைகளை மடியில் வைத்துக்கொண்டு நான் உட்கார்ந்திருந்தேன்.