எங்கள் ரீச்சரின் பெயரால்

எங்கள் ரீச்சர் ஜமேக்காவில் பிறந்தவர். நான் கனடாவில், ரொறன்ரோவின் ஸ்காபரோவில் படித்த காலத்தில் தமிழ்ப் பெடியன்களும் கறுப்பினப் பெடியன்களும் பஸ் தரிப்பிடத்தில் அடிபடாத கிழமை இல்லை. ஒருநாள் என் வகுப்புத் தோழனைக் கத்தியால் குத்திவிட்டார்கள். மறுநாளே ரீச்சர் எங்களைச் சோடி சேர்த்தார். பள்ளி விட்டதும் ஒருநாள் நான் ஒரு கறுப்பினப் பெடியனை அவன் வீட்டு வாசலில் விடவேண்டும், அடுத்தநாள் அவன் என்னை. பல்லைக் கடித்துக்கொண்டுதான் நடந்தோம். பிறகு அவன் அம்மாவின் கையால் சாப்பிட்டேன்.

ரீச்சர் செத்தபின் பழைய மாணவர்களாகிய நாங்கள் அவர் பெயரில் பல்கலைக்கழகப் படிப்புக்கென்று ஒரு புலமைப்பரிசில் தொடங்கினோம். எந்தப் பிள்ளையும் விண்ணப்பிக்கலாம் என்றுதான் பேச்சு. போனமுறை கானாவிலிருந்து வந்த ஒரு பிள்ளை எல்லோருக்கும் மேலே நின்றாள். ஸ்காபரோவின் வோபர்ன் பகுதியில் எங்கள் சின்னப்பிள்ளைகளையும் கறுப்பினப் பிள்ளைகளையும் ஒன்றாக இருத்திக் கணக்குச் சொல்லிக்கொடுப்பவள். இந்தப் பரிசு இல்லாவிட்டால் அவளுக்குப் பல்கலைக்கழகம் இல்லை.

புலமைப்பரிசில் குழுவின் தலைவர், நகருக்கு வெளியே வசதியானவர்கள் குடியேறும் ஸ்ரௌவ்வில்லில் வீடு வாங்கிப்போன ஓர் அண்ணை.

"தம்பி, இது எங்கட சனம் தந்த காசு. எங்கட பிள்ளையளுக்குத்தான் போகவேணும். அவைக்கு அவையின்ர ஆக்கள் குடுக்கட்டும்."

"அப்ப ரீச்சர் ஆர், அண்ணை?"

"ரீச்சர் வேற. அவ எங்கட ஆள்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வாய்க்கு வந்தபடி கத்தினேன். குழுவின் வாக்கெடுப்பில் அந்தப் பிள்ளைக்காக என் கை மட்டும்தான் உயர்ந்தது.

பரிசளிப்பு விழாவுக்கு ரீச்சரின் மகள் வீட்டிலிருந்து தாயின் படத்தைக் கொண்டுவந்திருந்தார். அதற்கு ரோஜா மாலை போட்டு, மகளைக்கொண்டே குத்துவிளக்கேற்றினார்கள். மூன்று தமிழ்ப் பிள்ளைகள் பரிசு வாங்கினார்கள். வேறு யாரும் விண்ணப்பிக்கவில்லையா என்று மகள் என்னிடம் ஆங்கிலத்தில் மெல்லக் கேட்டார். பொய் சொல்ல மனம் வரவில்லை. நடந்ததைச் சொன்னேன்.

அவர் எழும்பி மேடைக்குப் போனார். மாலையைக் கழற்றி மேசையில் வைத்தார். படத்தை அணைத்துக்கொண்டு வாசலைப் பார்த்து நடந்தார். தலைவர் அப்போது ஒலிவாங்கியில், ரீச்சர் இனம் பார்க்காத மனுசி என்று பேசிக்கொண்டிருந்தார்.

அந்தப் பிள்ளை இப்போது மிசிசாகாவில் ஒரு களஞ்சியத்தில் பெட்டி அடுக்குகிறாள். போன கிழமை தலைவர் தொலைபேசி எடுத்து, இந்த வருட விழாவுக்குக் கூப்பிட்டார். ரீச்சரின் படமே இல்லாமல் என்ன விழா என்று கேட்டேன்.

"உதுக்கென்ன தம்பி, இன்ரநெற்றில கிடக்கு. எடுத்துப் பெரிசா அடிச்சாச்சு."