கிளென்மார்கன் அணைக்கரையில் நஸ்ரீனின் ஈ

இந்த அகால நேரத்தில் எழுதுவதற்கு மன்னியுங்கள். மகன் இப்போதுதான் கண்ணயர்ந்தான். இருமி எழுந்துவிட்டால் பாதியில் விட்டுப் போய்விடுவேன், எழுத்துப் பிழைகளையும் அவன் கணக்கில் வையுங்கள்.

போன சனிக்கிழமை நானும் ஒன்றரை வயது மகனும் கோவையிலிருந்து கிளென்மார்கன் போய் வந்தோம். தேயிலைத் தோட்டம் பார்க்க அல்ல, ஓர் ஈயைப் பார்க்க. என்னோடு எம்.எஸ்ஸி. விலங்கியல் படித்த நஸ்ரீன், அங்கே அணையின் சேற்றுக்கரையில் இதுவரை யாரும் பெயர் வைக்காத ஓர் ஈயைக் கண்டுபிடித்திருக்கிறாள். வாட்ஸ்அப் குழுவில் செய்தி வந்ததும் நான்தான் முதலில் கைதட்டல் எமோஜி போட்டேன். பிறகு குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டுச் சும்மா நின்றேன். கல்லூரியில் அவளுடைய ரெக்கார்டில் ஈயின் இறக்கை நரம்புகளை வரைந்து கொடுத்தவள் நான். ஆராய்ச்சிக்கு இடம் கிடைத்தும், மகன் வயிற்றில் இருந்ததால் சேராமல் போனவளும் நான்தான். எனக்கு வந்தது பொறாமை. அதற்கு வேறு நல்ல பெயர் தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை.

காலை ஐந்தரைக்குக் கோவையில் பஸ். ஊட்டிக்கு எண்பத்தைந்து கிலோமீட்டர், மூன்றரை மணி நேரம் ஆனது. சின்னக் குழந்தையோடு போகிறவர்கள் மேட்டுப்பாளையத்தில் பால் கொடுக்காதீர்கள். நான் கொடுத்தேன். குன்னூருக்கு முந்தைய வளைவுகளில் அது அப்படியே என் சுடிதாருக்கு வந்து சேர்ந்தது. குல்லாயையும் அவன் ஜன்னல் வழியாக எறிந்துவிட்டான்.

நஸ்ரீனின் அப்பாவுக்கு ஊட்டி மார்க்கெட்டில் மளிகைக் கடை, வீடு அதற்குப் பின்னால். அவள் அம்மா வாசலிலேயே பிடித்துக்கொண்டார். “ஏன் கண்ணு, பச்சைப்புள்ளையத் தலையில ஒண்ணும் போடாமயா கூட்டியார்றது?” பஸ்ஸில் நடந்ததைச் சொல்லவில்லை. சொன்னால் அதுவும் என் தவறாகத்தான் தெரியும். நஸ்ரீன் நன்றாகத் தூங்கி எழுந்த முகத்தோடு வந்து கட்டிக்கொண்டாள். அவள் தோளில் ஒரே ஒரு பை. என்னிடம் மூன்று.

ஊட்டியிலிருந்து கிளென்மார்கன் இருபது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேலே. அரை நாளுக்கு ஜீப் வாடகை ஆயிரத்து எண்ணூறு. ஓட்டி வந்த ரவியண்ணன் பைக்காரா சாலையிலிருந்து பிரியும்போது கேட்டார், “ஏனுங்க, ஈ பாக்கறதுக்கா ஜீப்பு? மார்க்கெட்டுல மீன் கடைக்குப் போனா சும்மாவே பாக்கலாமுங்களே!”

“அந்த ஈ வேறங்கண்ணா,” என்றாள் நஸ்ரீன். “இதோட சொந்தக்காரங்க எல்லாம் கடற்கரையிலயும் உப்பளத்துலயும் இருக்காங்க. இது ஒண்ணுதான் மலையேறிருச்சு.”

அணைப் பகுதிக்குள் போக முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும். அவள் வாங்கி வைத்திருந்தாள். தேயிலைச் சரிவு முடியும் இடத்தில் நீர் வற்றி, கரை பச்சைப் பாசி படிந்து கிடந்தது. சேறு முழுக்க எருமைக் குளம்புத் தடங்கள், ஒவ்வொன்றிலும் கொஞ்சம் தண்ணீர். ஈ, கறுப்பு எள்ளுக்குக் கால் முளைத்த மாதிரி இருந்தது. ஆணுக்கு மட்டும் இறக்கை நுனியில் வெள்ளைப் பொட்டு. இவ்வளவுதானா என்று நினைத்தேன். அப்படி நினைப்பதில் ஒரு சுகமும் இருந்தது.

“எல்லாம் கெடச்சிருச்சுடி. முட்டை எங்க போடுதுன்னு மட்டும் தெரியல,” என்றாள். “மழை விட்டதுலருந்து வந்துட்டிருக்கேன். அது தெரிஞ்சா என் பேப்பரே வேற.”

சேற்றோரம் விரிப்பில் மகனோடு உட்கார்ந்தேன். அவன் முழங்கால் பக்கத்தில் ஒரு பெண் ஈ வந்து இறங்கியது. நஸ்ரீன் மூச்சைப் பிடித்துக் கேமராவைத் தாழ்த்தினாள். என் கை தானாக வீசியது. “ச்சூ!”

“ஏண்டீ!”

“பழக்கம்டி. கொழந்தை மேல உக்காரப் போச்சு.”

“பாருங்கண்ணா, ரேங்க் வாங்கினவ ஈ ஓட்டறா!” அவள் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ரவியண்ணனும் சிரித்தார். எனக்குக் காது சுட்டது. அவள் வலையை எடுத்துக்கொண்டு அவரோடு அடுத்த ஓடைமுகத்துக்குப் போய்விட்டாள்.

மகன் என் மடியிலேயே தூங்கிப்போனான். அசைந்தால் எழுந்துவிடுவான், அதனால் கால் மரத்தும் அசையவில்லை. கொஞ்ச நேரத்தில் ஈக்கள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. என் செருப்புக்கு ஒரு சாண் தள்ளியிருந்த குளம்புத் தடத்தின் விளிம்பில் ஓர் ஆண் நின்று, முதலில் இடது இறக்கையைத் தூக்கிக் காட்டியது, பிறகு வலது. எதிரே இருந்த பெண் கண்டுகொள்ளவே இல்லை. அது சளைக்காமல் பக்கவாட்டில் நகர்ந்து நகர்ந்து காட்டியது. இணைந்து பிரிந்த பிறகு, அந்தப் பெண் தடத்தின் உள்சுவரில் பின்பக்கமாகவே இறங்கி, வயிற்று நுனியைப் பாசிக்கு அடியில் செருகியது. எடுத்து, ஓர் எள்ளளவு நகர்ந்து, மறுபடி செருகியது. ஒரு கையால் மகன் தலையைத் தாங்கி, மறு கையால் போனில் எல்லாவற்றையும் பிடித்தேன்.

தூரத்தில் நஸ்ரீன் குனிந்து வலை வீசிக்கொண்டிருந்தாள். நான் கூப்பிடவில்லை. திரும்பி வந்து “ஒண்ணுமே இல்லடி” என்றபோதும் வாய் திறக்கவில்லை. தடத்துக்குப் பக்கத்தில் மட்டும் யாருக்கும் தெரியாமல் ஒரு குச்சியை நட்டுவிட்டு வந்தேன். ஊட்டிக்குள் நுழையும் வரை அது என்னுடையதாக மட்டும் இருந்தது. ஏரிக்கு முன்னால் டீ குடிக்க நிறுத்தியபோதுதான் போனை நீட்டினேன்.

மூன்று முறை பார்த்தாள். “எப்ப எடுத்தே?”

“நீ அந்தப் பக்கம் போனப்ப.”

“கூப்பிட்டிருக்கலாம்ல?”

“கொழந்தை முழிச்சுக்குவான்.”

“பொய் சொல்லாதடி,” என்றாள். அவள் முகத்தில் இருந்தது எனக்கு மிகவும் பழக்கமான ஒன்று, இத்தனை நாளாக என் வீட்டுக் கண்ணாடியில் பார்த்ததுதான். சந்தோஷமாக இருந்தது. சொல்ல வெட்கம்தான், ஆனாலும் இருந்தது.

டீ ஆறிய பிறகு சொன்னாள், “பத்து நாள் கழிச்சு அணைப் பக்கமே ஒரு ஊட்டுல நாலு நாள் தங்கப் போறேன். முட்டை பொரியறதைப் பாக்கணும். நீயும் வா. உன்ன மாதிரி அசையாம உக்கார எனக்கு வராது. பேப்பர்ல உன் பேரும் போடறேன். வரலேன்னா அடுத்த ஞாயித்துக்கிழமைக்குள்ள சொல்லிரு, காலேஜ் பொண்ணு ஒருத்தி கேட்டுட்டே இருக்கா.” அந்தப் பெண்ணை நான் பார்த்ததே இல்லை. அன்றிலிருந்து அவள் மேலும் பொறாமை.

மலை இறங்கியதிலிருந்து மகனுக்குச் சளி. கணவர் “உன் இஷ்டம்” என்கிறார், அது எந்தப் பக்கம் என்று தெரியவில்லை. மாமியார் தெளிவாகச் சொல்லிவிட்டார்: “சளி புடிச்ச கொழந்தையத் தூக்கிட்டு ஈக்குப் பிரசவம் பாக்கப் போறியா?”

போக நினைப்பவர்களுக்கு: சொந்தக் காரில் போனால் இ-பாஸ் எடுங்கள், பஸ்ஸுக்குத் தேவையில்லை. பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலைச் சோதனைச் சாவடியில் வாங்கிவிடுவார்கள், எவர்சில்வர் பாட்டில் கொண்டுபோங்கள். கரையில் அட்டை இல்லை, ஆனால் சேறு முழங்கால் வரை உள்ளே இழுக்கும். பிற்பகல் மூன்றுக்கு மேல் மூடுபனி இறங்கினால் ஈயும் தெரியாது, பாதையும் தெரியாது. குல்லாய் இரண்டாக எடுத்துக்கொள்ளுங்கள்.

இனி நான் கேட்பது. அந்தப் பக்கம் கைக்குழந்தையோடு இரவு தங்கியவர்கள் யாராவது இருக்கிறீர்களா? குளிர் தாங்குமா? பக்கத்தில் டாக்டர் உண்டா, இல்லை ஊட்டிக்குத்தான் ஓடி வர வேண்டுமா? ஞாயிற்றுக்கிழமைக்குள் நான் நஸ்ரீனிடம் சொல்ல வேண்டும். தெரிந்தவர்கள் தயவுசெய்து சீக்கிரம் பதில் எழுதுங்கள்.