மகன் பாடும் அந்த ஒரு வரி

என் வீட்டுக்காரர் ஒரு நாளும் மூட்டை சுமந்ததில்லை. முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். என் மகனுடைய பாட்டைக் கேட்டவர்கள் எல்லாரும், அவர் சாலைக் கடைத்தெருவில் மூட்டை தூக்கித் தூக்கியே முதுகொடிந்து செத்தார் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அவர் வேலை பார்த்தது ஒரு அரிசி மண்டியில். தராசுக்குப் பக்கத்தில் நின்று எடை சொல்வார். காலையில் தேய்த்த சட்டையோடு போய், சாயங்காலம் அதே மடிப்போடு வருவார். அவரைக் கொண்டுபோனது சர்க்கரை வியாதியும் கிட்னியும்.

மகனிடம் கேட்டால், "பாட்டுல அப்படித்தாம்மா வரும்" என்பான்.

எப்படித்தான் வருமோ. பாட்டில் எங்கள் வீடு மழைக்கு ஒழுகுகிறது. ஆரியசாலையில் நாங்கள் இருக்கும் வீட்டுக்குக் கான்கிரீட் கூரை. வெயிலுக்கு வேகும், ஒழுகாது. பாட்டில் அவருக்கு மீன்குழம்பு என்றால் உயிர். மீன் வாடை அடித்தால் வாசலிலேயே நின்றுவிடுகிற மனிதர் அவர். மீன் என்றால் உயிர் இவனுக்குத்தான். அந்தப் பாட்டு வந்த வருஷம், அவருடைய நினைவு நாளன்று முன்பின் தெரியாத ஒரு புருஷனும் பெண்டாட்டியும் தூக்குவாளி நிறைய மீன்குழம்பு கொண்டுவந்து, "அப்பா படத்துக்கு முன்னால வையுங்க அம்மா" என்று நின்றார்கள். எவ்வளவு பிரியமாகக் கொண்டுவந்திருக்கிறார்கள்! என்ன சொல்ல முடியும்? வாங்கி வைத்தேன். படத்தில் அவர் மூக்கைப் பார்க்கவே எனக்குக் கூச்சமாக இருந்தது.

இதெல்லாம் தொடங்கியது ஒரு போஸ்டரில். அவர் போகும்போது மகனுக்குப் பதினேழு வயது. முதல் வருஷ நினைவு நாளுக்குத் தெருவில் ஒட்டக் கண்ணீர் அஞ்சலி அடிக்க வேண்டுமென்று இரண்டு பேரும் அச்சாபீசுக்குப் போனோம். அங்கே ஒரு நோட்டு வைத்திருந்தார்கள். அப்பாவுக்கு என்றால் இந்த நாலு வரி, தாயாருக்கு என்றால் அந்த நாலு வரி என்று எல்லாம் தயாராக இருந்தது. படத்தை மாற்றினால் போதும்.

"இது ஊருல எல்லாருக்கும் அடிச்சது. எங்க அப்பாவுக்கு வேண்டாம்" என்றான். அங்கேயே ஸ்டூலில் உட்கார்ந்து, ஒரு பழைய பில்லின் பின்பக்கம் எழுதினான். 'எடை சொன்ன வாய், இன்று எதுவும் சொல்லவில்லை.' இரண்டே வரி. அதில் ஒரு பொய் இல்லை. கடைக்குப் போகிறவர்கள் நின்று வாசித்தார்கள். நானும் ஐந்தாம் வகுப்பு படித்தவள்தானே, தினமும் அந்தச் சுவர்ப்பக்கம் போய் வாசித்துவிட்டு வந்தேன். பெருமைப்பட்டதற்குப் பதில், அன்றைக்கே அந்தப் பேனாவைப் பிடுங்கி ஒளித்து வைத்திருக்கலாம்.

பிறகு அவன் கையில் மைக் வந்தது. ராப் என்கிறார்கள். பாதி தமிழ், பாதி மலையாளம், மூச்சு விடாமல். முதலில் கேட்டபோது யாரோடோ சண்டை போடுகிறான் என்று நினைத்தேன். அது சரியாகவும் இருந்தது. முதல் நாலைந்து வருஷம் அப்பாவின் சாவை வைத்து ஊரையே ஏசினான். ஆஸ்பத்திரியை ஏசினான், சாமியை ஏசினான், மண்டி முதலாளியை ஏசினான். அந்த முதலாளி பதினாறாம் நாள் வரை எங்கள் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தவர். கோயிலில் அவர் சம்சாரத்தைக் கண்டால் நான் தூணுக்குப் பின்னால் போக வேண்டியதாயிற்று.

கோபம் ஒருவாறு தீர்ந்தது. அடுத்தது அழுகை வந்தது. அந்தப் பாட்டுகளில் நான் எப்போது பார்த்தாலும் அழுதுகொண்டிருக்கிறேன். சோறு பொங்கினால் அழுகிறேன், துணி துவைத்தால் அழுகிறேன். வாஸ்தவத்தில் எனக்கு அழ நேரமே இருந்ததில்லை. அவனுக்குப் பெண் குழந்தை பிறந்த பிறகு இன்னொரு மாதிரி ஆனது. இப்போது அப்பாவே பேசுவதாகப் பாடுகிறான். பயப்படாதே மகனே, நான் உன் பக்கத்தில் நிற்கிறேன் என்றெல்லாம் அவர் சொல்கிறார். எடை சொல்கிற நேரம் போக ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை பேசாத மனிதர் அவர். செத்த பிறகு இவ்வளவு பேசுகிறார்.

இதற்கெல்லாம் நான் முணுமுணுத்திருக்கிறேன், சமயத்தில் பாத்திரத்தைக் கொஞ்சம் ஓசையாக வைத்திருக்கிறேன். ஆனால் ஒரு வரிக்கு மட்டும் நான் வாயே திறந்ததில்லை. அதுதான் பத்து வருஷமாக அவனுக்குப் பேர் வாங்கிக் கொடுத்த வரி. 'ஒரு சொட்டுப் பால் ஊத்த' என்று அவன் சொல்வான். 'ஒரு கை இல்ல, ஒரு கை இல்ல' என்று கூட்டம் சொல்லும். ஆட்டோவில் போனால் அது ஓடுகிறது. காய்கறிக் கடையில் ஒருத்தன் போன் அடித்தால் அதுதான் வருகிறது. வெண்டைக்காய் பொறுக்கிக்கொண்டிருக்கிற என் கை நின்றுவிடும்.

எங்கள் பக்கத்தில் உயிர் போகிற நேரம் வாயில் கொஞ்சம் பால் ஊற்ற வேண்டும். அது உள்ளே இறங்கினால் நிம்மதியாகப் போனார் என்று அர்த்தம். அவர் உடம்பை வீட்டுக்குக் கொண்டுவந்த அன்று, அவருடைய அக்கா நாகர்கோவிலிலிருந்து வந்து இறங்கியதும் என்னைக் கேட்ட முதல் கேள்வி அதுதான்.

"பால் குடுத்தியாட்டீ?"

"குடுத்தேன் மதினி. ரெண்டு மடக்கு குடிச்சாரு."

கொடுத்தேன் என்றது பொய்யில்லை. குடித்தார் என்றதுதான் பொய். ஆஸ்பத்திரியில் நான் பாலோடு வந்து நிற்கும்போது அவர் போயிருந்தார். வீட்டு ஆள் யாரும் பக்கத்தில் இல்லை. இது எனக்கு மட்டும் தெரிந்த விஷயம் என்று இருந்தேன். பிறகு அந்த வரியைப் பாட்டில் கேட்டேன். இவனுக்கு எப்படித் தெரிந்தது? தெரிந்தால் என்னிடம் கேட்காமல் மைக்கில் கேட்பானேன்? பத்து வருஷம் இதே நினைப்பு. அந்த வரியைப் பற்றிப் பேச முடியாத எரிச்சலில்தான் மீனுக்கும் கூரைக்கும் சண்டை பிடித்தேனோ என்னவோ.

இந்த வருஷம் கிழக்கேகோட்டைப் பக்கத்து மைதானத்தில் பெரிய நிகழ்ச்சி வைத்தார்கள். அதற்கு நாலு நாள் முன்னால், சாயங்காலம், டீத்தம்ளரோடு அடுக்களை வாசலில் வந்து நின்றான்.

"ம்மா, அந்தப் பாட்டு வரும்போது நீ மேடைக்கு வரணும். பேச வேண்டாம். என் பக்கத்துல சும்மா நின்னாப் போதும்."

"நா எதுக்குல?"

"ஜனங்க உன்னையப் பாக்கட்டும்."

"பாத்து? புருசன் வாயில பால் ஊத்தாத பொம்பள இவதான்னு கைய காட்டவா?"

"என்னம்மா?"

"யாருல சொன்னா ஒனக்கு? அடுத்த கட்டில்ல கெடந்தாரே, அவரா? நர்ஸா? பத்து வருசமா ஊரையே கத்த வைக்கிய. என்னையக் கூப்புட்டு ஒரு வார்த்த கேக்க ஒனக்கு வாய் வரலியால? மேல ஏத்தி நிறுத்தி வேற கேக்கணுமோ?"

தம்ளரை மெள்ளத் திண்டில் வைத்தான். "நீ குடுத்தன்னுல்லா அத்தகிட்ட சொன்ன. நா பக்கத்துலதான நின்னேன். ரெண்டு மடக்கு குடிச்சாருன்னு சொன்னியே."

அவனுக்கு ஒன்றும் தெரியாது. அவன் முகத்தைப் பார்த்ததும் விளங்கிவிட்டது. இருபது வருஷத்துக்கு மேல் பொத்தி வைத்ததை நானே என் வாயால் கொட்டிவிட்டேன்.

"அப்போ அந்தக் கை இல்ல, கை இல்லன்னு பாடுதியே?"

"அது என் கைம்மா."

அவர் போன அன்று காலையில் ஆஸ்பத்திரியிலிருந்து அவனை நான்தான் வீட்டுக்கு அனுப்பினேன். குளித்துவிட்டு அப்பாவுக்கு வெளுத்த வேட்டி ஒன்று எடுத்து வா என்றேன். போனவன் திரும்பி வர மத்தியானம் ஆனது. பஸ் கிடைக்கவில்லை என்று அப்போது சொன்னான். பஸ் கிடைத்ததாம். வழியில் கூடப் படித்த ஒரு கூட்டுக்காரன் வீட்டில் இறங்கி, காதில் மாட்டிக்கொண்டு இரண்டு மணி நேரம் பாட்டுக் கேட்டானாம். வார்டுக்குத் திரும்பி வரப் பயமாக இருந்ததாம். அந்த இரண்டு மணி நேரத்தைத்தான் இத்தனை வருஷமாகப் பாடிக்கொண்டிருக்கிறான். மூட்டையும் மழையும் அதன்மேல் போர்த்திய துணி.

சரி, கொட்டியது கொட்டியாயிற்று என்று மீதியையும் சொன்னேன். பத்து மணி இருக்கும். நர்ஸ் வந்து, இனி அதிக நேரம் இல்லை, சொல்ல வேண்டியவர்களுக்குச் சொல்லிவிடுங்கள் என்றாள். பால் வேண்டுமே என்று கீழே இறங்கினேன். ஆஸ்பத்திரி வாசலில் ஒரு டீக்கடை, இங்கே சாயக்கடை என்பார்கள். பால் அப்போதுதான் அடுப்பில் ஏறியிருந்தது. சர்க்கரை போடவா என்றான் கடைக்காரன். அவருக்கு எட்டு வருஷமாக இனிப்பே கிடையாது. இனி என்ன என்று இரண்டு கரண்டி போடச் சொன்னேன். பால் காய்கிறவரை நின்றேன். முதல்நாள் மத்தியானத்துக்குப் பிறகு நான் ஒன்றும் சாப்பிட்டிருக்கவில்லை. வாழைப்பழத்தை மாவில் தோய்த்துப் பொரித்த பழம்பொரி எடுத்துத் தட்டில் போட்டான். ஒன்று தின்றேன். ஒரு டீயும் குடித்தேன். பால் காய்ந்த பிறகும் என் டீ தீரவில்லை. அதைக் குடித்து முடித்துவிட்டுத்தான் மேலே ஏறினேன். மேலே வந்தால் அவர் முகத்தில் துணி போட்டிருந்தார்கள். துணியை விலக்கிப் பாலை ஊற்றினேன். கடைவாயில் வழிந்தது. சேலை முந்தியால் துடைத்தேன்.

மகன் திண்டில் இருந்த டீத்தம்ளரைத் திருப்பித் திருப்பி வைத்தான். பிறகு, "சூடா இருந்துச்சா?" என்றான்.

"எது?"

"பழம்பொரி."

"ஆமா. அப்பத்தான் எடுத்துப் போட்டான்."

அவன் சிரித்தான். எனக்கும் வந்துவிட்டது. சிரிப்பா வேறென்னவா தெரியவில்லை. இரண்டு பேருக்கும் நிற்கவில்லை. மருமகள் மலையாளத்துப் பெண். குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு எட்டிப் பார்த்து, "எந்தா அம்மே, ரெண்டாளுக்கும் என்ன ஆச்சு?" என்றாள். ஒன்றுமில்லை, நீ போ என்றேன்.

அவள் போனதும் பார்க்கிறேன், இவன் கண் எங்கேயோ போய்விட்டது. விரல் திண்டில் தாளம் போடுகிறது. எனக்கு அந்தக் கண் தெரியும்.

"ம்மா, இது வந்து..."

"பாட்டுல போட்ட, செருப்பு பிஞ்சிரும். நீ எழுதுனா அந்த சாயக்கடைக்காரனக் குருடனாக்கிருவ. டீ நா குடிச்சது. ஒனக்கு அதுல ஒரு வாய் கெடையாது."

"சரி, போடல. அந்த வரியயே எடுத்துருதேன். போதுமா?"

போதும் என்றேன். நிகழ்ச்சிக்கும் போனேன். மேடைக்கு அல்ல, கீழே, ஓரத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில், மருமகளுக்குப் பின்னால். அந்தப் பாட்டு வந்தது. அந்த இடம் வந்ததும் சொன்னபடியே வாயை மூடி மைக்கைத் தாழ்த்திவிட்டான். ஒரு நொடி. அவ்வளவுதான். அவனுடைய பாதியையும் கூட்டமே பாடியது. ஒரு சொட்டுப் பால் ஊத்த, ஒரு கை இல்ல. இவன் வேண்டாம் வேண்டாம் என்று கையை ஆட்டினான். இன்னும் உரக்கப் பாடச் சொல்கிறான் என்று நினைத்துக்கொண்டு எல்லாரும் எழுந்து நின்று கத்தினார்கள். இரண்டு கையையும் ஆட்டினான். அவர்களும் இரண்டு கையையும் தூக்கி ஆட்டினார்கள். என் நாற்காலி அதிர்ந்தது. சுற்றிலும் ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். ஒருவரும் என்னைப் பார்க்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு அவரவர் ஆளை நினைத்துக் கத்திக்கொண்டிருந்தார்கள்.

இறங்கி வந்தவன் சட்டை பிழிந்தெடுத்தது போல இருந்தது. "என்னம்மா செய்ய? விட மாட்டேங்காங்க."

"இனிமே கைய ஆட்டாத. ஆட்ட ஆட்டக் கூடுது. வா, போவோம், முதுகு வலிக்கி."

அடுத்த வாரம் ரேஷன் கடை வரிசையில் நின்றேன். முன்னால் நின்ற ஒரு சேச்சி திரும்பிப் பார்த்தாள். முகம் தெரியும், பேசியதில்லை. வழக்கமான கேள்விதான்.

"அந்தப் பாட்டுகாரன்டெ அம்மையல்லே? ஒண்ணு கேக்கட்டே? பாட்டுல சொல்றது சத்தியமோ? கடைசியில ஆருமே பக்கத்துல இல்லியோ?"

யார் கேட்டாலும், அதெல்லாம் பாட்டுதானே என்று தலையைக் குனிந்து நகர்ந்துவிடுவேன். அன்றைக்கு வரிசை நகரவில்லை. எனக்கும் அலுத்துப்போயிற்று.

"சத்தியம்தான். நா பால் வாங்கக் கீழ போயிருந்தேன். போன எடத்துல டீயும் பழம்பொரியும் தின்னுட்டு வந்தேன். அதுக்குள்ள போயிட்டாரு."

ஐயோ என்பாள் என்று நினைத்தேன். அவள் சாதாரணமாகத் தலையை ஆட்டினாள். "எங்க அம்மை போகும்போ நான் துணி நனைச்சுக்கிட்டு இருந்தேன் சேச்சி. தண்ணிச் சத்தத்துல அம்மை விளிச்சது கூடக் கேக்கல. இதுவரை ஆருகிட்டயும் சொன்னதில்ல." கொஞ்ச நேரம் பையின் காதைத் திருகிக்கொண்டே நின்றாள். "மோன்கிட்ட ஒண்ணு சொல்லுமோ? இதையும் ஒரு பாட்டுல போடட்டும்."

எனக்கு வந்ததே எரிச்சல். என் ஒரு சாவையே அவனிடமிருந்து காப்பாற்ற முடியவில்லை. இனி வஞ்சியூரிலிருந்து கரமனை வரைக்கும் உள்ள சாவெல்லாம் என் வாசலில் வந்து வரிசை நிற்கும் போலிருக்கிறது. முடியாது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"என்ன துணி?" என்றேன்.

"எந்தா?"

"நனைச்ச துணி. என்ன துணின்னு சரியாச் சொல்லுங்க. இல்லன்னா அவன் பாட்டுக்குப் பட்டுச் சேலையாக்கிருவான்."

"தோர்த்து, தலை துவட்டுற துண்டு" என்றாள். "ரெண்டு பழைய தோர்த்து."