நான் சொல்லாமல் விட்ட தேதி

தொண்ணூறுகளின் நடுவில் நடந்தது இது. வண்டலூர் பக்கம் கடன் வாங்கி ஒரு சின்ன வீடு கட்டி, தை மாதம் கிரகப்பிரவேசம் வைத்திருந்தோம். அன்று காலை குளித்துப் புடவை மாற்றும்போதுதான் எனக்கு மாதவிலக்கு வந்தது தெரிந்தது. வெளியே ஐயர் ஹோமகுண்டத்துக்குச் செங்கல் அடுக்கிக்கொண்டிருந்தார். உறவினர்கள் வேறு வேன் பிடித்து வந்து இறங்கிவிட்டார்கள். நான் யாரிடமும் மூச்சுவிடவில்லை. கணவர் பக்கத்தில் போய் உட்கார்ந்து ஹோமம் முடித்தேன், பாலும் காய்ச்சினேன்.

அடுத்த மாதம் நாள் தள்ளிப்போனது. கல்யாணமாகி பதினோரு வருடம், எனக்கு வயது முப்பத்தாறு. தாம்பரத்தில் லேடி டாக்டரிடம் போனபோது துணைக்கு வந்தது என் மாமியார். கடைசியாகத் தலைக்குக் குளித்த தேதி எது என்று டாக்டர் கேட்டார். அத்தை முழங்கை இடிக்க உட்கார்ந்திருக்கிறார், கிரகப்பிரவேசத் தேதியை எப்படிச் சொல்வது? அதற்கு முந்தைய மாதத்துத் தேதியைச் சொன்னேன். ஒரு மாதம் முன்னே பின்னே இருந்தால் என்ன குடிமுழுகிவிடப் போகிறது என்று நினைத்தேன்.

வயது அதிகம் என்பதால் நாலாம் மாதம் ஒரு ரத்தப் பரிசோதனை செய்யச் சொன்னார்கள். அப்போது அது புதுசு, ரத்தத்தை பம்பாய்க்கு அனுப்ப வேண்டும். பத்து நாள் கழித்து வந்த ரிசல்ட்டைப் பார்த்து டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார். குழந்தைக்கு டவுன் சிண்ட்ரோம் இருக்க வாய்ப்பு அதிகமாகக் காட்டுகிறது, உறுதியாகத் தெரிய வயிற்றில் ஊசி போட்டு நீர் எடுக்க வேண்டும், அதில் கரு கலைகிற ஆபத்தும் கொஞ்சம் உண்டு என்றார். யோசித்து ஒரு வாரத்தில் வரச் சொன்னார்.

அந்த ஒரு வாரம் நான் ஒரு இடத்தில் உட்காரவில்லை. கோடை விடுமுறை, பள்ளிக்கூடமும் இல்லை. துவைத்த துணியையே திரும்பத் துவைத்தேன். கத்திரி வெயிலில் ஸ்டேஷன் வரை நடந்துபோய், எதற்கு வந்தோம் என்று தெரியாமல் திரும்பினேன். தீட்டோடு ஹோமத்தில் உட்கார்ந்ததற்கு தெய்வம் குழந்தை தலையில் கை வைத்துவிட்டது என்றே நம்பினேன். பி.எஸ்ஸி. படித்த கணக்கு டீச்சர் நான்! கணவரிடம்கூடச் சொல்ல முடியவில்லை.

டாக்டரிடம் போக வேண்டிய நாள் காலை, ஃபைலை எடுத்து வைக்கும்போதுதான் அந்த ரிப்போர்ட்டை ஒழுங்காகப் படித்தேன். மேலே என் வயது, எடை, அதற்கடுத்து 'பதினேழு வாரம்' என்று இருந்தது. கீழே, என் ரத்தத்தில் இருந்த அளவுகளைப் பதினேழு வாரத்தில் இருக்க வேண்டிய அளவோடு ஒப்பிட்டுத்தான் கணக்குப் போட்டிருந்தார்கள். நிஜத்தில் ரத்தம் கொடுத்த அன்று எனக்குப் பதின்மூன்று வாரம்தான்.

டாக்டர் எதிரில் உட்கார்ந்ததும், அத்தை பக்கத்தில் இருக்கிறார் என்பதையும் பார்க்காமல் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அத்தை என்னைத் திட்டுவார் என்று தலையைக் குனிந்துகொண்டேன். அவர் டாக்டரைப் பார்த்துப் பேசினார்.

"அவ சொல்றது நெஜம்தாம்மா. அன்னிக்கே எனக்குத் தெரியும். பாத்ரூம்ல பாத்தேன். ஊரே வந்து ஒக்காந்திருக்கு, ஹோமத்தை நிறுத்துன்னா அசிங்கமாயிடும்னு நானும் வாயத் தொறக்கல."

வயிறு சின்னதாக இருக்கிறதே என்று டாக்டர் ஒருமுறை கேட்டபோது, தலைப்பிரசவம் அப்படித்தான் இருக்கும் என்று பதில் சொன்னவரும் அவர்தான். டாக்டருக்கு வந்த கோபத்தைப் பார்க்க வேண்டுமே. "ரெண்டு பேருமா சேர்ந்து அந்தக் கொழந்தைய ஊசி வரைக்கும் கொண்டுவந்துட்டீங்க" என்றார். நாங்கள் இருவரும் வகுப்புக்கு வெளியே நிறுத்தப்பட்ட பிள்ளைகள் மாதிரி உட்கார்ந்திருந்தோம்.

அன்றே ஸ்கேன் எடுத்தார்கள். நாலு வாரம் குறைவாகத்தான் காட்டியது. முதல் ரிசல்ட் செல்லாது என்று, சரியான வாரம் வரும்வரை பொறுத்து, ஒரு வாரம் கழித்து மறுபடி ரத்தம் எடுத்தார்கள், மறுபடி பத்து நாள் காத்திருப்பு. தபால்காரர் மணி அடித்தாலே நானும் அத்தையும் வாசலுக்கு ஓடுவோம். மற்ற நேரம் சேர்ந்து உட்கார்ந்து அரிசியில் கல் பொறுக்கினோம். ரிசல்ட்டில் வாய்ப்பு குறைவு என்று வந்தது. இதுவும் உத்தரவாதம் இல்லை என்றுதான் டாக்டர் சொன்னார், ஆனாலும் ஊசி வேண்டாம் என்று முடிவெடுத்தோம். ஐப்பசி மழையில் மகள் நல்லபடியாகப் பிறந்தாள்.

தெய்வத்துக்குப் பயந்து மறைத்ததாகத்தான் வெகுநாள் என்னையே ஏமாற்றிக்கொண்டிருந்தேன். நான் பயந்தது அத்தைக்கு, அத்தை பயந்தது ஊருக்கு, அந்த ஊரிலிருந்து ஒருவர்கூட அன்று டாக்டர் அறையில் எங்களோடு இல்லை என்பது இப்போது நினைத்தாலும் உறைக்கிறது.