ஆறு பிளக் பாயின்ட்

குன்னூர் பஜார் பேக்கரியில், பத்தாவது நாளாக லேப்டாப்போடு உட்கார்ந்திருக்கிறேன். என்னைப் போல மலையேறி வந்து வேலை பார்ப்பவர்களுக்காகவே கடைக்காரர் சுவரில் ஆறு பிளக் பாயின்ட் வைத்திருக்கிறார். இன்று ஐந்து காலி.

டீயை வைத்தபடி கேட்கிறார்: "ஏனுங்க, எல்லாரையும் ஆபீசுக்கே கூப்புடறாங்களாமா?"

"சில கம்பெனிலதாங்க."

"பின்னால வர்க்கி பிஸ்கட் சுடற அடுப்ப இடிச்சுப்போட்டு இன்னும் நாலு டேபிள் போடலாம்னு இருக்கறனுங்க. நீங்கெல்லாம் வருவீங்கல்லங்க?"

திங்கட்கிழமை சென்னை ஆபீசில் இருக்கச் சொல்லும் மெயில் திரையில் திறந்தே கிடக்கிறது. லேப்டாப்பை மூடிவிட்டு இன்னொரு டீ கேட்கிறேன்.

அதையே பதிலாக எடுத்துக்கொண்டு, அவர் கொத்தனாருக்குப் போன் போடுகிறார்.