அப்பாவுக்குன்னு கேளுங்க

என் மனைவியை இந்தப் பக்கத்தில் எல்லோரும் நோட்டீஸ் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். சுகாதார அலுவலகத்தில் ஒப்பந்த வேலை. ஒன்பது வருஷமாகக் குடியின் கேடு, புகையிலையின் கேடு என்று நோட்டீஸ் கொடுத்துக்கொண்டிருக்கிறாள். வாங்கியவன் அதையே சுருட்டிக் காது குடைவதையும் பார்த்துக்கொண்டிருக்கிறாள். சாயங்காலம் வந்ததும் பையைக் கதவோரம் போட்டுவிட்டு, முகம்கூடக் கழுவாமல் கால் மணி நேரம் அப்படியே உட்கார்ந்திருப்பாள். அப்போது பேச்சுக் கொடுத்தால் கடித்துக் குதறிவிடுவாள். நான் வாயைத் திறக்கமாட்டேன்.

நான் லிஃப்ட் மெக்கானிக். ஊரில் இருப்பவனையெல்லாம் ஏற்றி இறக்குகிற எனக்கு வாய்த்தது லிஃப்ட் இல்லாத கட்டடத்தில் மூன்றாவது மாடி. தலையெழுத்து! இன்னொன்றையும் நானே சொல்லிவிடுகிறேன், அடுத்தவர் வாயால் நீங்கள் கேட்க வேண்டாம். நான் குடிகாரனாக இருந்தவன். நோட்டீஸ் அக்காவின் புருஷன் நடைபாதையில் விழுந்து கிடக்கிறான் என்று தெருவே சிரித்திருக்கிறது. அவள்தான் என்னைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு போய் வைத்தியம் பார்த்தாள். குடியை விட்டு இரண்டு வருஷம் ஆகிறது. சிகரெட்டை மட்டும் விடவில்லை. ஒரு நாளைக்கு நாலு. சாயங்காலம் மகள் போய் வாங்கி வந்துவிடுவாள். முட்டிவலிக்காரன், மறுபடியும் படி இறங்க வேண்டாமே என்ற கரிசனம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். வேலை செய்கிற இடத்தில் நாலு பேரிடம் பெருமையடித்தும் இருக்கிறேன்.

இந்த வருஷம் மேலிடத்திலிருந்து ஓர் உத்தரவு வந்தது: இளைஞர்களை ஈடுபடுத்துங்கள். எப்படி என்று யாரும் சொல்லவில்லை. போட்டோ மட்டும் கட்டாயம். முதல் கூட்டத்துக்கு முப்பது பிள்ளைகள் வந்தார்கள். பிஸ்கட் தீர்ந்ததும் எட்டுப் பேர் மிஞ்சினார்கள். அதில் ஒன்று எங்கள் மகள். பாவம், அவளுக்கு வேறு வழியில்லை. ஒன்பதாம் வகுப்பு, வாய் நீளம். அது யாரிடமிருந்து வந்தது என்று கேட்டால் நாங்கள் இருவரும் எதிராளியைக் கைகாட்டுவோம்.

ஊர்வலம் போகலாமா என்று என் மனைவி கேட்டாள். எட்டும் ஒரே குரலில் “ஐயோ, வேணாங்க்கா” என்றன. சின்னப் பிள்ளைகளுக்குச் சிகரெட் விற்கிறார்களா என்று கடை கடையாகப் போய்க் கேட்டுப் பார்க்கிறோம் என்று அவர்களே சொன்னார்கள். கேட்க மட்டும் வேண்டும். கடைக்காரர் எடுத்து நீட்டினால் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்து குறித்துக்கொள்ள வேண்டும். பள்ளிக்கூடத்தைச் சுற்றிப் பதினான்கு கடை. ஒரு கடைகூடக் கொடுக்கவில்லை! ஒரு கடைக்காரர் கேட்ட பிள்ளையின் காதைத் திருகியே அனுப்பினாராம்.

அன்றைக்கு இவள் வீட்டுக்கு வந்ததும் முகம் கழுவினாள். ஒன்பது வருஷத்தில் உருப்படியாக ஒன்று நடந்திருக்கிறது என்று இரண்டு தடவை சொன்னாள். சாப்பிடும்போது மகள் அதில் மண்ணள்ளிப் போட்டாள்.

“அம்மா, உன் டெஸ்ட்டே தப்பு.”

“என்னடி தப்பு?”

“எனக்குன்னு கேட்டா யாரு குடுப்பாங்க? அப்பாவுக்குன்னு கேக்கச் சொல்லு.”

“அப்பவும் குடுக்க மாட்டாங்க.”

“எனக்குத் தெரியாதாம்மா?”

இவள் கை தட்டிலேயே நின்றுவிட்டது. நான், மடையன், “பாப்பா சொன்னா சரியாத்தான் இருக்கும், அனுபவசாலியாச்சே!” என்று சொல்லிவிட்டுப் பெரிதாகச் சிரித்தேன். என்னோடு சேர்ந்து யாரும் சிரிக்கவில்லை.

மறு வாரம் பிள்ளைகள் அப்பாவுக்கு என்று கேட்டார்கள். பதினான்கு கடையும் கொடுத்தது. காதைத் திருகினவரே, “அப்பாவுக்கா? அதை முதல்லயே சொல்றதுக்கு என்ன!” என்று ஒரு மிட்டாயும் சேர்த்துக் கொடுத்தாராம். இவள் அதை என்னிடம் சொல்லிவிட்டு, செருப்பைக்கூடக் கழற்றாமல் படுத்துவிட்டாள்.

கடைக்காரர்களை மட்டும் குற்றம் சொல்லிப் பிரயோஜனமில்லை, அனுப்புகிறவர்களைக் கேட்க வேண்டும் என்று எட்டுப் பேரும் பிடிவாதம் பிடித்தார்கள். வகுப்பு வகுப்பாகப் போய்ச் சீட்டு எழுதி வாங்கினார்கள். பெயர் போட வேண்டாம். உன்னைக் கடைக்கு அனுப்புவது யார், ஏன், அவ்வளவுதான். பெற்றோரையும் கடைக்காரர்களையும் பள்ளிக்கூடத்துக்குக் கூப்பிட்டு அதைப் படித்துக்காட்டுவது என்று ஏற்பாடு. இவள் என்னையும் இழுத்துக்கொண்டு போனாள். மைக் ஒயரில் எங்கேயோ கோளாறு. ஒருத்தர் அதைப் பிடித்துக்கொண்டே இருந்தால்தான் சத்தம் வரும். பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

“அப்பா அனுப்புவார். போகலைன்னா அடி.” “மாமா. வாங்கிட்டு வந்தா செல்போன் தருவார்.” “பீடி இல்லன்னா தாத்தா எல்லாரையும் திட்டுவார்.” முதலில் கொஞ்சம் சிரித்தார்கள். போகப் போகச் சிரிப்பு அடங்கி, ஆளாளுக்குத் தரையைப் பார்த்தார்கள். இவள் வழக்கமான நோட்டீஸ் குரலில் ஏற்ற இறக்கமில்லாமல் படித்துக்கொண்டே வந்தாள். ஒரு சீட்டைப் பிரித்ததும் நின்றாள். மூன்றாவது வரிசையில் என் மகள் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள்.

எனக்கு ஏதோ புரிந்துவிட்டது. அந்தச் சீட்டை அடியில் செருகிவிட்டு அடுத்ததை எடுத்திருக்கலாம், யாருக்குத் தெரியப்போகிறது? செருகிவிடு, செருகிவிடு என்று மனசுக்குள் கெஞ்சினேன். அவள் படித்தாள்.

“அப்பா அனுப்பல. அம்மாதான் அனுப்புவாங்க. அப்பாவே சிகரெட் வாங்கக் கீழ போனா பக்கத்துல இருக்கிற பாருக்கும் போயிடுவார்னு அம்மாவுக்குப் பயம். எனக்கும் பயம். அதனால நான் போறேன்.”

படித்து முடித்து, “இது எங்க வீடு” என்றாள். அடுத்த சீட்டை எடுத்தாள்.

நான் ஒயரை விடவில்லை. விட்டிருந்தால் மைக் நின்றிருக்கும், மானம் கொஞ்சம் மிஞ்சியிருக்கும் என்று பிறகுதான் தோன்றியது. எனக்கு வந்தது கோபம், முழுக்கக் கோபம். இரண்டு வருஷமாக நானே குடியை விட்டுவிட்டேன் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தேன். இவர்கள் இரண்டு பேரும் ராப்பகலாக என்னைக் காவல் காத்திருக்கிறார்கள்.

வீட்டுக்கு வந்ததும் கத்தினேன். “என் மேல உனக்கு நம்பிக்கையே இல்லையா?”

“நம்புறேனா இல்லையான்னு யோசிக்கக்கூட எனக்குத் தெம்பு இல்லைங்க” என்றாள். “அவ போய் வாங்கிட்டு வந்துட்டா அன்னிக்குப் பொழுது ஒழுங்கா போயிடும். அவ்வளவுதான் பாத்தேன். பெத்த பொண்ணையே அதுக்கு அனுப்பிட்டு ஊருக்கு நோட்டீஸ் குடுத்துட்டு இருந்திருக்கேன், பாருங்க.”

“இனிமே அவ போக மாட்டா. நானே போறேன்” என்றேன்.

மகள் அம்மாவைப் பார்த்தாள். இவள் என்னைப் பார்த்தாள். “போயிட்டு வாங்க” என்றாள்.

கீழே போய் இரண்டு சிகரெட் வாங்கினேன். “என்ன சார், பொண்ணு வரலையா?” என்றார் கடைக்காரர். பக்கத்திலேயே அந்த பார் இருந்தது. யாரோ கதவைத் திறக்கத் திறக்க அந்த வாடை வந்து மூக்கில் ஏறியது. பொய் சொல்வானேன், நாக்கில் எச்சில் ஊறியது. ஒன்றே ஒன்று, யாருக்குத் தெரியும் என்று எனக்குள் ஒருத்தன் பேச ஆரம்பித்தான். இரண்டு வருஷத்தில் அவன் குரலை நான் கேட்டதே இல்லை. கேட்கிற இடத்துக்கு என்னைப் போகவிடவில்லை, அதுதான் விஷயம். ஒரு சிகரெட்டைப் பற்றவைத்து நின்றேன். அது முடிந்து இன்னொன்றும் பற்றவைத்தேன். அதுவும் முடிந்ததும் திரும்பி நடந்தேன்.

இரண்டாவது மாடித் திருப்பத்தில் இவள் உட்கார்ந்திருந்தாள். காலில் செருப்பு, கையில் வீட்டுச் சாவி.

“எங்க கிளம்பினே?”

“எங்கயும் இல்ல. மூச்சு வாங்குது, உக்காந்தேன்.”

படி இறங்குகிறவளுக்கு எங்கேயாவது மூச்சு வாங்குமா? என்னைத் தேடித்தான் கிளம்பியிருக்கிறாள். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அதற்குள் மேலேயிருந்து மகள் தடதடவென்று இறங்கி வந்து என் முன்னால் நின்றாள்.

“ஊதுங்கப்பா.”

ஊதினேன். கண்ணை மூடிக்கொண்டு மோந்து பார்த்தாள். இன்னொரு தடவை ஊதச் சொன்னாள்.

“சிகரெட் நாத்தம் மட்டும்தாம்மா.”

இவள் முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டாள். எழுந்திருக்கவில்லை. “நாளைக்கு?” என்று கேட்டாள்.

“நாளைக்கும் வந்து ஊதறேன்” என்றேன். அதைவிடப் பெரிதாகச் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை.