வெள்ளைச்சியும் அக்காவின் சஷ்டி விரதமும்

அக்கா வீட்டுப் பல்கனிச் சுவரில் சிவப்புப் பிடி போட்ட சின்னக் கத்தி ஒன்று தொங்கும். மழையானாலும் பனியானாலும் அதற்கு அங்கேதான் இடம். வீட்டுக்குள் வர அனுமதி இல்லை. கத்திக்குக் கீழே ஒரு குளிர்ப்பெட்டி, அதற்குள் கோழி ஈரல். பக்கத்தில் வைக்கோல் பரப்பிய மரப்பெட்டி, அதற்குள் வெள்ளைச்சி. என் அக்கா பிறந்ததிலிருந்து மீன், இறைச்சி என்று எந்த மச்சமும் தொடாதவள். அத்தானோ மச்சம் இல்லாவிட்டால் சோற்றுக் கோப்பையை வெறித்துப் பார்த்துக்கொண்டிருப்பவர். இந்த இரண்டு பேரும் எப்படிக் குடும்பம் நடத்தினார்கள் என்று யாராவது கேட்டால் நான் அந்தப் பல்கனிக் கதவைத்தான் காட்டுவேன்.

வெள்ளைச்சி ஒரு ஃபெரெட். நம் கீரியை இழுத்து மெலியவைத்து வெள்ளை அடித்தால் எப்படியிருக்கும், அப்படியொரு பிராணி. ஒஸ்லோவுக்கு வருமுன் அத்தான் இங்கிலாந்தில் ஒரு பண்ணையில் வேலை செய்தவர். அங்கே ஃபெரெட்டை வளைக்குள் விட்டு முயல் பிடிப்பார்கள். வந்த இடத்தில் எல்லோரும் மொழி படித்தார்கள், கார் ஓட்டப் படித்தார்கள். எங்கள் அத்தான் இதைப் படித்துக்கொண்டு வந்தார். இரண்டாயிரங்களின் தொடக்கத்தில் ஒருநாள், அவர்கள் குடியிருந்த வெஸ்ட்லிக்குப் போகும் ரயிலில், ஜாக்கெட்டுக்குள் ஒரு குட்டியை ஒளித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார். அக்கா கதவை மறித்துக்கொண்டு நின்றாளாம். கடைசியில் பல்கனி மட்டும் என்று உடன்பாடு ஆயிற்று.

குட்டியைப் பழக்குவதை நான் கிட்ட இருந்து பார்த்திருக்கிறேன். முதல் வாரங்களில் கையில் எடுப்பது மட்டுமே வேலை. கடித்தால் கையை இழுக்கக்கூடாது, அடிக்கவும் கூடாது. அத்தானின் விரல்களெல்லாம் ஒட்டுத்துணியாக இருந்தன. பிறகு பிளாஸ்டிக் குழாய்களைத் தரையில் போட்டு அதற்குள் ஓடவிட்டார். கூப்பிட்டால் வர வேண்டும், அதுதான் பெரிய பாடம். அதற்காகச் சாப்பாடு வைக்கும்போதெல்லாம் ஒரு தம்ளரைக் கரண்டியால் தட்டுவார். அவர் வேலைக்குப் போன நேரங்களில் அக்கா கதவை ஒரு சாண் திறந்து, உள்ளே நின்றபடியே தம்ளரைத் தட்டிப் பார்த்திருக்கிறாள். வெள்ளைச்சி ஓடி வந்து அவளுடைய கால்விரலை நக்கியிருக்கிறது. நீயும் அதோடு விளையாடுகிறாயா என்று நான் கேட்டதற்கு, "நான் ஏன் அதோடை விளையாடப்போறன்? சும்மா சத்தம் கேக்குதோ எண்டு பாத்தனான்" என்றாள்.

வீட்டுக்குக் கொஞ்சத் தூரத்தில் அக்காவுக்கு ஒரு தோட்டத் துண்டு இருந்தது. கோடையில் கீரையும் பூசணியும் போடுவாள். அங்கே முயல் தொல்லை. பிள்ளைகள் ஆசைக்கு வளர்த்து, அலுத்துப்போய்க் கொண்டுவந்து விட்டவை பெருகிவிட்டன. தோட்டக்காரர்கள் அனுமதி எடுத்து அத்தானைக் கேட்டார்கள். இலை கொட்டிய பிறகு ஒரு காலையில் நாங்கள் மூவரும் போவோம். வளையின் ஒவ்வொரு வாய்க்கும் அத்தான் ஒரு சுருக்கு வலை விரிப்பார். காலையில் வெள்ளைச்சிக்குக் கொஞ்சம் சாப்பாடு கொடுத்திருப்பார். வெறும் வயிற்றோடு போனால் உள்ளேயே முயலைக் கொன்று தின்றுவிட்டுப் படுத்துவிடும், பிறகு மண் வெட்டித்தான் எடுக்க வேண்டும். அது உள்ளே நுழைந்ததும் ஒரு சத்தமும் இருக்காது. திடீரென்று நிலத்துக்கடியில் திடுதிடுவென்று ஓடும் சத்தம், வலைக்குள் ஒரு முயல் துள்ளும். அந்த முயல்களை அத்தான் நண்பர் ஒருவர் வீட்டுக்குக் கொண்டுபோவார். அங்கே என்ன ஆயிற்று என்று அக்கா ஒருநாளும் கேட்டதில்லை. அவள் வேலியோரம் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பாள். வெள்ளைச்சி வெளியே வரப் பிந்தினால் மட்டும் திரும்பிவிடுவாள். "இஞ்சாருங்கோ, பிள்ளையை இன்னும் காணேல்லை." பிள்ளை என்ற அந்த ஒரு சொல்லைக் கேட்டு அத்தான் குனிந்து வலையைச் சரிசெய்வார்.

அவர்களுக்குக் குழந்தை இல்லை. மருத்துவர்களிடம் போய் அலுத்துப்போன பின் அக்கா கந்த சஷ்டி பிடிக்கத் தொடங்கினாள். விடாமல் ஆறு வருடம் பிடித்தால் முருகன் பிள்ளை தருவான் என்று ஊரில் யாரோ தொலைபேசியில் சொல்லியிருந்தார்கள். ஆறு நாளும் பாலும் பழமும்தான். அத்தான் மச்சத்தைக் கண்ணால்கூடப் பார்க்கமாட்டார். குளிர்ப்பெட்டி கீழே சாமான் அறைக்குப் போய்விடும், அவர் அங்கே வைத்துத்தான் வெள்ளைச்சிக்குத் தீனி கொடுப்பார்.

ஆறாவது வருடம் விரதம் தொடங்குவதற்கு முதல்நாள் தூரத்து ஸ்தவாங்கர் நகரத்திலிருந்து செய்தி வந்தது. அத்தானின் அண்ணனுக்கு மாரடைப்பு. கையில் அகப்பட்டதை எடுத்துக்கொண்டு அவர் ஓடினார். போகும்போது, "தங்கச்சியைக் கூப்பிடு, அவள் வந்து ஈரல் குடுப்பாள்" என்று சொல்லிவிட்டுத்தான் போயிருக்கிறார். அக்கா என்னைக் கூப்பிடவில்லை. முதியோர் இல்லத்தில் நான் இரட்டை முறை வேலை செய்துகொண்டிருந்த காலம், அலைக்கழிக்கக்கூடாது என்று நினைத்தாள். இங்கிலாந்துக் கிழவர்கள் ஃபெரெட்டுக்குப் பாணும் பாலும் கொடுத்து வளர்த்ததாக அத்தான் எப்போதோ சொன்னது அவளுக்கு நினைவு வந்திருக்கிறது. பாலில் பாண் துண்டுகளை ஊறவைத்துக் கொடுத்தாள். வாழைப்பழம் மசித்துக் கொடுத்தாள். என் அக்காவைத் தவிர வேறு யாருக்கும் இந்த எண்ணம் வந்திராது.

விரதத்தின் நாலாம் நாள் அவளைப் பார்க்கத் தற்செயலாகப் போனேன். கதவைத் திறந்தவளின் முகமே சரியில்லை. குசினித் தரையில், அடுப்பருகே, அவள் முகம் துடைக்கும் துவாய் ஒன்றின் மேல், வெள்ளைச்சி கிடந்தது. முதல்முறையாக வீட்டுக்குள். வாயில் நுரை, பின்னங்கால்கள் தரையில் இழுபட்டன. தம்ளரைத் தட்டினால் தலையைத் தூக்கப் பார்த்துவிட்டுச் சாய்ந்தது.

"விரதம் இருக்கிற வீட்டிலை அதுவும் ரெண்டு நாள் மச்சமில்லாமல் இருந்தால் என்ன எண்டு நினைச்சிட்டனடி" என்று அழுதாள்.

அத்தானுக்குத் தொலைபேசி எடுத்தேன். அவர் கோபிக்கவில்லை. "முரசிலை, பல்லடியிலை, தேன் பூசு. கொஞ்சம் தெளியும். பிறகு ஈரல் குடுக்கோணும். இண்டைக்குக் குடுக்காட்டி தப்பாது" என்றார். ஈறில் தேன் பூசினோம். கொஞ்ச நேரத்தில் கண் திறந்தது. கீழே போய் ஈரலை எடுத்து வந்து வெந்நீரில் வைத்தேன். நான் கொடுத்துப் பார்த்தேன். முகத்தைத் திருப்பிக்கொண்டது. என் கை அதற்குப் பழக்கமில்லை.

அக்கா நனைந்த கண்ணோடு சாமிப்படத்தைப் பார்த்தாள். ஆறாவது வருடம். இன்னும் இரண்டு நாள். "நீ தொடாதை அக்கா, நான் திரும்பக் குடுத்துப் பாக்கிறன்" என்றேன். உண்மையில் எனக்கும் பயம்தான். இந்த விரதத்துக்காக அவள் எத்தனை பேருடைய பேச்சை விழுங்கியிருக்கிறாள் என்று எனக்குத் தெரியும்.

"அது என்னட்டைத்தான் சாப்பிடும்" என்றாள்.

கை கழுவிக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். பிறந்ததிலிருந்து தொடாததைக் கையில் எடுத்தாள். மூச்சை அடக்கிக்கொண்டு விரல்களால் நசுக்கிக் கூழாக்கினாள். சுட்டுவிரலில் எடுத்து வாயருகே வைத்தாள். "தின்னடி செல்லம், தின்னு." முதலில் நக்கியது. பிறகு விரலைச் சப்பத் தொடங்கியது. இருட்டும்வரை அக்கா அப்படியே இருந்தாள். பால்கூடக் குடிக்கவில்லை. எனக்கு அழுகை வந்தது, அவளுக்குத் தெரியாமல் போய் முகம் கழுவினேன்.

வெள்ளைச்சி பிழைத்தது. அடுத்த வருடம் மறுபடியும் முயல் பிடிக்கப் போயிற்று, இன்னும் சில வருடங்கள் இருந்தது. ஈரலைத் தொட்டதில் விரதம் முறிந்துவிட்டது, அக்கா மறுபடியும் முதலிலிருந்து ஆறு வருடம் பிடிப்பாள் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். அவள் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. கோயிலுக்கு மட்டும் வழக்கம்போல் போனாள். பிள்ளையும் பிறக்கவில்லை.

இந்த ஐப்பசியில், சஷ்டியின் கடைசி நாள், கோயிலில் சூரன்போர் பார்த்துவிட்டுத் திரும்பும்போது ரயிலில் அவளருகே இருந்தேன். அக்காவுக்குத் தலை முழுக்க நரைத்துவிட்டது. இத்தனை காலம் கேட்காததைக் கேட்டேன். அந்த ரெண்டு நாளும் ஈரலைத் தொடாமல் பொறுத்திருந்தால் பிள்ளை கிடைத்திருக்குமோ என்று அவள் எப்போதாவது நினைத்ததுண்டா?

"நினைக்காமல் இருப்பனே" என்றாள். பிறகு கோயில் விபூதியை எடுத்து என் நெற்றியில் பூசியபடி சொன்னாள்: "முருகனையும் பெறாத ஆறு பேர்தானேயடி பால் குடுத்து வளத்தவை. என்னிலை அவர் கோவிச்சிருக்கமாட்டார்."